நம்ம ஊர் ரேடியோ எது: கொழும்பா, திருச்சியா, கோடையா?

கானாடுகாத்தான்காரன்:

பழைய சண்டை ஒண்ணை இங்க இழுத்துட்டு வர்றேன். எழுபது, எண்பதுகள்ல காரைக்குடியில வானொலி நிலையம் கிடையாது. தேவகோட்டையில கிடையாது. சிவகங்கை, திருப்பத்தூர்லயும் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வீடு பெட்டி பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்ப "நம்ம ஊர் ரேடியோ"ன்னு எதைச் சொல்றது? என் கணக்குல கொழும்புலேர்ந்து வந்த இலங்கை வானொலி. இதுல மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

காலையில "பொங்கும் பூம்புனல்" வந்தாத்தான் எங்க வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, விடிஞ்ச மாதிரி. ராஜேஸ்வரி சண்முகம் பேசினா வீட்டுல மூத்த அக்கா பேசுற மாதிரி இருக்கும். கே.எஸ். ராஜா மூச்சு விடாம பேசுவார், ஒரு எழுத்து உடையாது. பி.எச். அப்துல் ஹமீதோட தமிழைப் பத்தி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவங்களுக்கெல்லாம் முன்னாடி மயில்வாகனன். ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஒரு வரி சொல்லுவாராம், அதைக் கேக்கவே ஆளுங்க உக்காந்திருப்பாங்கன்னு எங்க அப்பச்சி சொல்லும்.

இன்னொண்ணு. கோபால் பல்பொடி விளம்பரம் ஞாபகம் இருக்கா? இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்னு வரிசையா நாட்டுப் பேரா அடுக்குவாங்க. மத்த ஊர்க்காரனுக்கு அது பல்பொடி விளம்பரம். நமக்கு அது கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போன ஊர்களோட பட்டியல். பர்மா மட்டும்தான் பாக்கி. எங்க ஐயா கொழும்பு செட்டியார் தெருவுல கடை வச்சிருந்தவர். அவருக்கு அந்த நிலையம் வெளிநாட்டு நிலையமே இல்லை.

திருச்சியா? அதுல சாயங்காலம் எருவும் பூச்சி மருந்தும்தான். மன்னிக்கணும்.

கல்லல் விவசாயி மகள்:

மாற்றுக் கருத்துக்கு இடமில்லைன்னா எதுக்கு இங்க வந்து போட்டீங்கண்ணே, வீட்டுக் கதவுல எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கலாமே.

நீங்க சொல்ற "வீட்டுக்கு வீடு"ல எங்க வீடு கிடையாது. எங்க தெருவுல யார் வீட்டுலயும் ரேடியோ இல்லை. பஞ்சாயத்து போர்டு ரேடியோதான். ரேடியோ ரூம்ல பெட்டி, வெளியில கம்பத்துல குழாய். சாயங்காலம் ஆளு வந்து திறந்து விட்டா அது திருச்சியிலதான் நிக்கும். வேற இடத்துக்குத் திருப்புற குமிழ் நம்ம கையில இல்லை. சிற்றலை (ஷார்ட் வேவ்) பிடிக்கிற செட்டு இருந்தவங்களுக்குத்தான் கொழும்பு. அதைச் செட்டிநாட்டோட ரேடியோன்னு சொல்றது முகப்பு வச்ச வீட்டை மட்டும் செட்டிநாடுன்னு சொல்ற மாதிரிதான். படம் எடுக்க வர்றவங்கதான் அப்படிப் பண்றாங்கன்னு பார்த்தா நம்ம ஆளுங்களுமா?

எரு, பூச்சி மருந்துன்னு சிரிச்சீங்க. அறுபதுகள்ல ஆடுதுறை 27 நெல் வந்தப்ப திருச்சி நிலையம் பண்ணை ஒலிபரப்புல அதை எப்படி நாத்து விடுறது, எப்ப உரம் வைக்கிறதுன்னு விடாம சொல்லுச்சு. டெல்டாவுல அந்த நெல்லுக்கே ரேடியோ நெல்லுன்னு பேரு வந்துருச்சு. ஒரு வானொலியால ஒரு நெல்லுக்குப் பேர் வந்த கதை இலங்கை வானொலிக்கு உண்டா?

எங்க பக்கம் கண்மாய்ப் பாசனம். வடகிழக்குப் பருவமழை ஏமாத்துனா அந்த வருசம் போச்சு. வங்காள விரிகுடாவுல தாழ்வு நிலைன்னு ரேடியோ சொன்னா எங்க அய்யா மடையைப் பார்க்கக் கிளம்பிருவாரு. அவர் உக்காந்து நேயர் விருப்பம் கேட்டு நான் பார்த்ததில்லை.

கோடை 100.5:

பெரியவங்க ரெண்டு பேரும் சண்டை போடுறப்ப நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். எங்க வயசுக்காரங்களுக்கு ரெண்டுமே இல்லை. கோடைக்கானல்லேர்ந்து வர்ற கோடை பண்பலைதான். கரகரப்பு இல்லாம பாட்டுன்னா என்னன்னு எங்களுக்குக் காட்டினது அதுதான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஆரம்பிச்சு செட்டிநாடு சிமெண்டு மூட்டை இறக்குற லாரி வரைக்கும் 100.5.

முக்கியமான விஷயம்: கோடையில நாம பேசலாம். போன் போட்டு "நான் புதுவயல்லேர்ந்து பேசுறேன்"னு சொன்னா மறுநாள் ஊரே கேக்கும். உங்க கொழும்புல புதுவயல்காரன் குரல் என்னைக்காவது வந்துச்சா? போஸ்ட் கார்டுல பேர் மட்டும்தானே வந்துச்சு?

பழைய வால்வு:

தம்பி, பேர் வந்ததே பெருசு. டொரிங்டன் சதுக்கம், கொழும்பு 7-னு முகவரி எழுதி, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி அனுப்பிட்டு எத்தனை வாரம் காத்துக் கிடந்தோம்னு உனக்குத் தெரியாது. சரி, அது கிடக்கட்டும்.

நான் காரைக்குடியில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவன். எல்லாரும் மனசை வச்சுப் பேசுறீங்க, நான் அலையை வச்சுப் பேசுறேன். வரைபடத்துல அடிக்கோலை வைங்க. காரைக்குடியிலேர்ந்து சென்னைக்கு நேர்கோட்டுல சுமார் 370 கிலோமீட்டர். கொழும்புக்கும் சுமார் 370 கிலோமீட்டர்தான். தேவகோட்டைக்குப் போயிட்டா சென்னையை விட கொழும்பு கிட்டக்க. தேவகோட்டையிலேர்ந்து யாழ்ப்பாணம் 135 கிலோமீட்டர் இருக்கும். "வெளிநாட்டு நிலையம்"னு பாஸ்போர்ட்டு பாக்குறவன் சொல்லலாம், ஏரியலுக்கு அதெல்லாம் தெரியாது.

திருச்சி 80 கிலோமீட்டர். நடுத்தர அலை 936 கிலோஹெர்ட்ஸ், தரையோட ஒட்டி வரும். மழையானாலும் வெயிலானாலும் ஒரே மாதிரி கேக்கும், அதுதான் அதோட பலம். கொழும்புச் சிற்றலை வானத்துல முட்டித் திரும்பி வர்றது. ராத்திரி ஏறும், இறங்கும், திடீர்னு சீனாக்காரன் உள்ள புகுந்துருவான். ஆனா இலங்கையிலேர்ந்து நடுத்தர அலையும் வந்துச்சு. பாக்கு நீரிணை மேல வர்ற அலை அவ்வளவா தேயாது, உப்புத் தண்ணி அதுக்கு நல்ல பாதை. அதனாலதான் கடலோரத்துல தொண்டி, தேவிபட்டினம் பக்கமெல்லாம் பகல்லயே நல்லாக் கேட்டுச்சு.

கொழும்புக்கு அந்தச் சத்தம் எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன். போர்க்காலத்துல மவுண்ட்பேட்டனோட தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியில இருந்துச்சு. படை வீரர்களுக்குப் பாட்டும் செய்தியும் போட கொழும்புக்குப் பக்கத்துல ஏக்கலையில 100 கிலோவாட் சிற்றலைக் கருவி வச்சாங்க. வெள்ளைக்காரன் போறப்ப அதை விட்டுட்டுப் போயிட்டான். 1950-ல வர்த்தக சேவை ஆரம்பிச்சப்ப கையில இருந்த ஆயுதம் அது.

கோடையைப் பத்தி: பண்பலை கண்ணுக்குத் தெரியுற தூரம்தான் போகும். கோடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல இருக்கிறதால 140 கிலோமீட்டர் தாண்டி நம்ம ஊருக்கு வந்துச்சு. அது மலையோட பெருமை. நிலையத்தோட பெருமை பாதிதான்.

கோடை 100.5:

மலைக்குக் கொடுத்த மார்க்கை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன டிரான்ஸ்மிட்டருக்கும் கொடுங்க ஐயா. ஒரே அளவுகோல் வேணும்ல?

பழைய வால்வு:

சரியான கேள்வி. கொடுத்துட்டேன்.

கானாடுகாத்தான்காரன்:

கல்லல் தங்கச்சிக்கு: பஞ்சாயத்து ரேடியோ திருச்சியில நின்னுச்சுன்னா அது நீங்க தேர்ந்தெடுத்தது இல்லை. அரசாங்கம் தேர்ந்தெடுத்தது. வேற வழி இல்லாததைக் கேட்டுட்டு அதை ஆசைன்னு சொல்லக் கூடாது.

அதோட திருச்சி நிலையத்தை நடத்துன ஆகாசவாணி நம்மளை எப்படி நடத்துச்சுன்னு பாருங்க. 1952-ல கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்தாரு. சினிமாப் பாட்டு ஜனங்க ரசனையைக் கெடுக்குதுன்னு ஓரங்கட்டினாரு. ஆர்மோனியத்துக்கே அங்க பல வருசம் தடை இருந்துச்சு. ஜனம் என்ன பண்ணும்? குமிழைத் திருப்புச்சு, கொழும்பு கிடைச்சுது. 1957 அக்டோபர்ல விவித் பாரதின்னு ஒரு பாட்டுச் சேவையை ஆரம்பிச்சதே போன ஜனத்தைத் திரும்பக் கூப்பிடத்தான். இது ஒண்ணு போதும், யார் யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்கன்னு.

கல்லல் விவசாயி மகள்:

அண்ணே, கேஸ்கரை வச்சுத் திருச்சியை அடிக்காதீங்க. டெல்லியில ஒருத்தர் போட்ட உத்தரவு அது.

திருச்சி நிலையம் 1939 மே மாசம் தொடங்குனது. அடுத்த ரெண்டு வருசத்துல தமிழிசை இயக்கம். 1941-ல அண்ணாமலை நகர்ல மாநாடு கூட்டினது யாரு? உங்க ஊர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அதே வருசம் தேவகோட்டையிலயும் மாநாடு நடந்துச்சு. கச்சேரியில தமிழ்ப் பாட்டுப் பாடுங்கன்னு மட்டும் அவங்க கேக்கலை, வானொலியிலயும் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கொடுங்கன்னு கேட்டாங்க. எந்த வானொலியை? சென்னையும் திருச்சியும்தான் அன்னைக்குத் தமிழ்நாட்டுல இருந்த நிலையங்கள். கானாடுகாத்தான் அரண்மனைக்காரர் எந்த நிலையத்துல உரிமை கேட்டாரோ அது நம்ம நிலையம் இல்லையாம், பல்பொடி விளம்பரம் போட்ட நிலையம்தான் நம்மளுதாம். நல்லா இருக்கு.

நாதஸ்வரத்தைச் சொல்லவே இல்லை நீங்க. நகரத்தார் கல்யாணம்னா பெரிய பெரிய மேளத்தைக் கூப்பிட்டு வச்சவங்க. அந்த வாசிப்பெல்லாம் எந்த நிலையத்துல விடியக்காலம் கேட்டீங்க? மார்கழியில திருப்பாவை, திருவெம்பாவை? தை மாசம் திருவையாறு ஆராதனையை நேரா யார் அஞ்சல் பண்ணினாங்க? எருவும் பூச்சி மருந்தும் மட்டும்னு சொன்னவரு பதில் சொல்லணும்.

ஆத்தங்குடி ஆச்சி:

ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒரு விஷயம் ஆம்பளைங்க யாரும் சொல்லலை.

பெட்டி எங்க இருந்துச்சு? எங்க வீட்டுல பட்டாலையில, முன்பக்கக் கூடத்துல. குமிழ் யார் கையில? ஐயா கையில. அவுக முகப்புல உக்காந்து கேட்டது இரண்டாங்கட்டுல எங்க காதுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். காலையில கொழும்பு. ஏழேகாலுக்கு டெல்லிச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமி குரல். அப்ப யாரும் மூச்சு விடக் கூடாது, பாத்திரம் விழுந்தா வசவு விழும். அதுக்கப்புறம் ஆம்பளைங்க வெளியில கிளம்பினதும்தான் பெட்டி எங்களுக்கு.

மத்தியானம் நாங்க வச்சது திருச்சி. மகளிர் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டு. ராத்திரி நாடகம் இருந்தா அப்பத்தாவே ஐயாகிட்ட கேட்டு வாங்கும். ஆனா கானாடுகாத்தான் தம்பி சொன்ன ராஜேஸ்வரி சண்முகத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தம்மாவே வானொலி நாடகத்துலேர்ந்துதான் அறிவிப்பாளரா வந்தவுக. அதான் ஒரு சாதாரணப் பிறந்தநாள் வாழ்த்தைப் படிச்சாலும் கேக்குறவளுக்குத் தனக்கே சொன்ன மாதிரி இருக்கும். முழுப் பெயரோட, ஊரோட, உறவு முறையோட ஒரு பொம்பளையைப் பத்தி நாலு பேருக்குக் கேக்கச் சொன்னது அந்தக் காலத்துல அந்தப் பிறந்தநாள் வாழ்த்து ஒண்ணுதான். கோயில் கல்வெட்டுல கூட ஆம்பளை பேருதான்.

அதனால என் ஓட்டு, காலையில கொழும்புக்கு, மத்தியானம் திருச்சிக்கு. செல்லாத ஓட்டுன்னு சொன்னா சொல்லிக்கோங்க.

குன்றக்குடி மயில்:

ஆச்சி சொன்ன ஏழேகால் செய்திக்கு வழிமொழிகிறேன். எங்கள் வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்தது சரோஜ் நாராயணசுவாமிதான். பின்னாளில் "இன்று ஒரு தகவல்" தென்கச்சி கோ. சுவாமிநாதனும் அந்தக் காலை வேளையில் வந்து சேர்ந்தார். பல் விளக்கிக்கொண்டே சிரித்த வீடுகள் எத்தனையோ. அவர் அதற்கு முன்பு திருநெல்வேலி நிலையத்தில் விவசாய ஒலிபரப்பில் இருந்தவர் என்பதைக் கானாடுகாத்தான்காரர் கவனிக்க வேண்டும். எருவும் பூச்சி மருந்தும் பேசிய இடத்திலிருந்துதான் அந்தக் கதைசொல்லி வந்தார்.

தலைமன்னார் பேரன்:

நாலு நாளா படிச்சுட்டு இருக்கேன். எழுத வேண்டாம்னுதான் இருந்தேன்.

எங்க குடும்பம் திருப்பத்தூர் தாலுகாவுலேர்ந்து போய் மலைநாட்டுத் தோட்டத்துல தேயிலை பறிச்ச குடும்பம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதா முடிவு பண்ணாங்களே, அந்தக் கணக்குல வந்தவங்க. எழுபதுகள்ல தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்க. பாதிக் குடும்பம் அங்கயே தங்கிருச்சு, அவங்களுக்குக் கிடைச்ச குடியுரிமை அது.

எங்க அப்பத்தா இலங்கை வானொலியை ஒரு நாள் விடாம கேட்டுச்சு. பாட்டுக்காக இல்லை. பாட்டு ஓடுறப்ப எந்திரிச்சு வேலையைப் பார்க்கப் போயிரும். மரண அறிவித்தல் வந்தா மட்டும் பெட்டிக்கு முன்னாடி வந்து உக்காரும். இன்ன தோட்டத்தைச் சேர்ந்த இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் தந்தையும் இன்னாரின் மாமனாரும் ஆவார், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும், இப்படிப் போகும். தபால் வந்து சேர எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது, சில சமயம் வரவே வராது. அப்பத்தாவோட தம்பி போன சேதி அப்படித்தான் எங்களுக்கு வந்துச்சு. அடக்கத்துக்குப் போக வழியில்லை, விசா, பாஸ்போர்ட்டு எதுவும் கையில இல்லை. இங்க கொல்லையில தலை முழுகுனாங்க.

கானாடுகாத்தான் அண்ணே, நீங்க கே.எஸ். ராஜாவைச் சொன்னீங்க. அவர் 1989-ல கொழும்புல கொல்லப்பட்டார். அதைச் சொல்லாம அவர் குரலை மட்டும் எடுத்துக்கிட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல அந்த நிலையத்தைப் பாட்டுக்காக யாரும் வைக்கலை. சேதி தெரியணும்னா பிபிசி தமிழோசை. அறிவித்தலுக்கு மட்டும் கொழும்பு. உங்களுக்கு இனிமையான காலைப் பொழுது, சரி. எங்களுக்கு அது அப்படி இல்லை. ஆனாலும் நம்ம ஊர் ரேடியோ எதுன்னு கேட்டா நானும் அதைத்தான் சொல்லுவேன். நீங்க சொல்ற காரணத்துக்காக இல்லை.

நெறியாளர்:

இந்த இழை அரசியலுக்குள் போனால் பூட்ட வேண்டி வரும். தலைமன்னார் பேரனின் பதிவு இருக்கட்டும். அதற்குப் பதில் எழுதுபவர்கள் பார்த்து எழுதவும்.

கானாடுகாத்தான்காரன்:

தம்பி, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை, படிச்சேன்னு மட்டும் சொல்லிக்கிறேன். எங்க ஐயாவும் கொழும்புக் கடையை மூடிட்டு வந்தவர்தான். ஆனா கணக்குத் தீர்த்து, பெட்டகத்தோட வந்தவர். கப்பல் ஒண்ணா இருந்திருக்கும், வந்த விதம் ஒண்ணு இல்லை.

அதுக்காக ரசிச்சது தப்புன்னு ஆயிராது. அந்த அறிவிப்பாளர்களும் அந்த நாட்டுல அதே கஷ்டத்துக்குள்ள உக்காந்துதான் நமக்கு அந்தத் தமிழைக் கொடுத்தாங்க. ரசிகர் ரசிச்சதை அவங்க அவமானமா எடுத்துக்க மாட்டாங்க.

கல்லல் விவசாயி மகள்:

தலைமன்னார் தம்பி, உங்க அப்பத்தாவுக்கு அது வானொலி நிலையமே இல்லை, தந்தி ஆபீசு. அந்த வேலையைத் திருச்சி செஞ்சிருக்க முடியாது, ஒத்துக்கிறேன்.

ஆனா விவாதத்துல நான் இருக்கிற இடத்துலதான் இருக்கேன். கடல் தாண்டிப் போனவங்க வீடுகளுக்குக் கொழும்பு. செட்டி வீடானாலும் சரி, தோட்டத்துக்குப் போன வீடானாலும் சரி. போகாத வீடுகள் இருந்துச்சு, அதுதான் எண்ணிக்கையில அதிகம். கண்மாய்க்குக் கீழ ரெண்டு காணி வச்சிக்கிட்டு இங்கயே கிடந்தவங்க. அவங்களுக்கு மழையையும் விலைவாசியையும் ஒரு வில்லுப்பாட்டையும் கொண்டாந்து சேர்த்தது திருச்சி. அவங்க யாரும் இங்க வந்து ஏக்கமா எழுதப் போறதில்லை. எழுதுறவங்க எல்லாம் சிற்றலை வச்சிருந்த வீட்டுப் பிள்ளைங்க. அதனாலதான் எங்க பார்த்தாலும் இலங்கை வானொலிக் கட்டுரையா கொட்டிக் கிடக்கு, திருச்சிக்கு நாலு வரி எழுத ஆள் இல்லை.

கோடை 100.5:

அக்கா சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. ஆனா அதே நியாயத்துல எங்களுக்கும் ஒரு வரி கொடுங்க. நாங்க வந்தப்ப சிற்றலை செட்டு வேணாம், ஏரியல் வேணாம், பஞ்சாயத்து ஆளு வந்து திறந்து விட வேணாம். சந்தையில வித்த சின்னப் பெட்டி போதும். கல்லல்ல ஆடு மேய்க்கிறவரும் கானாடுகாத்தான் பெரிய வீட்டு வாட்ச்மேனும் ஒரே நேரத்துல ஒரே பாட்டு கேட்டது கோடை காலத்துலதான். எல்லாருக்கும் பொதுவான முதல் நிலையம் அதுதான்.

அப்புறம் தனியார் எஃப்.எம். மதுரையிலயும் திருச்சியிலயும் வந்துச்சு. நம்ம ஊருல பாதித் தெருவுல கேக்கும், பாதியில கேக்காது. அதைப் பத்தி எனக்குப் பெருசா ஏக்கம் இல்லை.

பழைய வால்வு:

சண்டை தொடரட்டும். இடையில ஒரு சேதி மட்டும். பழைய செட்டு வச்சிருக்கிறவங்க யாரும் காரைக்குடியில பழைய சாமான் கடைங்க இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுல கொண்டு போய்த் தள்ளாதீங்க. அங்க அதை உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாம் உருவிட்டு ஓட்டலுக்கு அலங்காரமா வித்துடறாங்க. மரப்பெட்டிக்குத்தான் காசு, சேஸிஸ் எடைக்குப் போயிருது. வால்வு நல்லா இருந்தா பெரும்பாலும் பில்டர் கண்டன்சரை மாத்தினாலே பாடும். பல வருசம் கிடந்த செட்டை எடுத்ததும் கரண்டுல சொருகாதீங்க, டிரான்ஸ்பார்மர் போயிரும். நிலையம் சரியா நிக்குதான்னு காட்டுற மேஜிக் ஐ வால்வோட பச்சை மங்கியிருந்தா விட்டுடுங்க, அந்த வால்வு கிடைக்கிறது கஷ்டம், அது இல்லாமலும் பாடும்.

கானாடுகாத்தான்காரன்:

ஐயா, எங்க வீட்டு மர்ஃபி ரேடியோவுக்கு ஏரியல் வளவுக்குக் குறுக்க கட்டியிருந்துச்சு, இப்ப அறுந்து கிடக்கு. செம்புக் கம்பி வாங்கிக் கட்டினா போதுமா?

பழைய வால்வு:

போதும். ரெண்டு முனையிலயும் பீங்கான் இன்சுலேட்டர் போடுங்க. கம்பி தகர ஓரத்துல தொடக் கூடாது. உங்க வீட்டுச் சுவர் கனத்துக்கும் இரும்பு உத்திரத்துக்கும் உள்ள வச்ச ஏரியல் வேலைக்காகாது, அதனாலதான் அந்தக் காலத்துல வளவுல திறந்த வெளியில கட்டினாங்க. இடி மின்னல் நேரத்துல கழட்டி விட ஒரு சுவிட்சும் வைங்க.

கல்லல் விவசாயி மகள்:

கட்டினதும் முதல்ல எதை வைப்பீங்கண்ணே?

கானாடுகாத்தான்காரன்:

கொழும்பைத்தான். அதுல என்ன சந்தேகம்.

கல்லல் விவசாயி மகள்:

தபாலாபீசுல வருசா வருசம் ரேடியோ லைசென்சு கட்டினது இந்திய சர்க்காருக்கு, கேட்டது கொழும்பு. உங்க ஐயா எப்பேர்ப்பட்ட கணக்குப் பிள்ளையா இருந்தாலும் இந்த ஒரு கணக்குல ஏமாந்துட்டாரு.

ஆத்தங்குடி ஆச்சி:

ஏமாறலை ஆத்தா. எங்க வீட்டு லைசென்சுப் புத்தகத்தைப் பார்த்திருக்கேன், ரெண்டு வருசம் தபால்தலையே ஒட்டலை. சோதனைக்கு ஆளு வர்றான்னு தெரிஞ்சா பெட்டி பட்டாலையிலேர்ந்து இரண்டாங்கட்டுக்கு வந்துரும். அந்த ரெண்டு நாளும் எங்களுக்குத் திருச்சிதான்.